கடல் பக்கத்திலேயே இருந்தும் தொட்டியில் உப்பு ஏன் நிலைப்பதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரம் டவுனில் வீடு. 100 லிட்டர் தொட்டியில் இரண்டு கோமாளி மீன், ஒரு டாம்செல் மீன். புரட்டாசி நடுவில் சேதுக்கரையில் பிடித்த தண்ணீரால் தொட்டியை நிரப்பியிருக்கிறீர்கள். தண்ணீர் வற்றும்போதெல்லாம், இரண்டு நாளைக்கு ஒருமுறை முக்கால் லிட்டர் வீதம், தேவிபட்டினத்தில் பிடித்துவரும் கடல் தண்ணீரையே ஊற்றி வருகிறீர்கள். இப்போது கார்த்திகை. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டர், தொட்டியில் 1.030 காட்டுகிறது, நேற்றுக் கொண்டுவந்த கேனில் 1.020 காட்டுகிறது. மீன்கள் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்குகின்றன. மீட்டர் கெட்டுவிட்டதா, அல்லது கடல் தண்ணீரே வீட்டுத் தொட்டிக்குச் சரிப்படாதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கடலை நம்பி, பாக்கெட் உப்பு வாங்காமல் ஒரு தொட்டியை நடத்த முடியுமா? மண்டபம் பக்கம் கடல் மீன் குஞ்சு வளர்ப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகவே முடியும். உங்கள் மீட்டரும் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு அளவும் உண்மை, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

விளக்கம் அப்புறம், மீனை முதலில் பார்ப்போம். 1.030 என்றால் ஆயிரத்துக்கு 40 பங்கு உப்பு. மீன் வாழும் கடலில் அது 35 சுற்றித்தான் இருக்கும். உப்பு ஏற ஏற, சூடு ஏற ஏற, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், கடல் தண்ணீர் 6 சொச்சம்தான் பிடிக்கும். உங்கள் தொட்டி அதையும்விடக் குறைவாகப் பிடிக்கும். அதோடு, உடம்பில் சேரும் உப்பை வெளியே தள்ளவும் மீன் அதிகம் பாடுபட வேண்டியிருக்கும். அதனால் இன்றைக்கே இன்னொரு ஏரேட்டர் போடுங்கள். தொட்டியிலிருந்து 3 லிட்டர் எடுத்துவிட்டு 3 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு சொட்டவிடுங்கள். நாளைக்கும் அதே 3 லிட்டர். இப்படிச் செய்தால் நாளுக்கு ஒன்றேகால் பங்கு வீதம் இறங்கி ஐந்து நாளில் 35க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரே நாளில் இறக்க வேண்டாம். மீன் தாங்கினாலும் கல்லிலும் ஃபில்டரிலும் குடியிருக்கும் உயிர்களுக்கு அது அதிர்ச்சி. இன்றைக்கே அமோனியா கிட்டிலும் ஒருமுறை பாருங்கள். மூச்சு வாங்குவதற்கு உப்பு ஒரு காரணம் என்பது உறுதி, அது மட்டும்தான் காரணமா என்று தொட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. உப்பு 36க்கு வந்த பிறகும் மூச்சு அடங்கவில்லை என்றால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

இனி, தொட்டியில் உப்பு எப்படி ஏறியது என்று பார்ப்போம். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு ஒரு கிராம்கூட அதோடு போகாது. நீங்கள் இரண்டு மாதத்தில் முப்பது தடவை முக்கால் லிட்டர் ஊற்றியிருக்கிறீர்கள், ஏறக்குறைய 22 லிட்டர். லிட்டருக்கு 30 கிராம் என்று வைத்தாலே 660 கிராம் உப்பைப் புதிதாகத் தொட்டிக்குள் போட்டிருக்கிறீர்கள். 100 லிட்டரில் அது ஆறரைப் பங்கு ஏற்றம். சேதுக்கரைத் தண்ணீர் 34 அளவில் இருந்திருந்தால் இன்றைக்கு 40க்குக் கொஞ்சம் மேலே வந்திருக்க வேண்டும், வந்திருக்கிறது. வற்றியதற்கு நல்ல தண்ணீர், மாற்றுவதற்குக் கடல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கான தண்ணீரை வாளியில் எடுத்து வெளியே கொட்டினால் மட்டும், அதே அளவு கடல் தண்ணீரை உள்ளே விடலாம். தொட்டிக் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மொத்தமாக ஊற்றுவதைவிட அது நல்லது. நம் ஊர் போர் தண்ணீர் இதற்கு ஆகாது. அதுவே உப்பும் கடினமுமாக இருக்கும், என்னென்ன உப்பு என்பதும் தெருவுக்குத் தெரு மாறும். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டிருப்பார்கள். அவசரத்துக்குக் குளோரின் நீக்கி ஊற்றலாம், பழக்கமாக வேண்டாம். இதற்கு எதிர்த்திசையிலும் கொஞ்சம் உப்பு போகும். மூடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வைத்திருந்தால் அதன் கிண்ணத்தில் சேரும் கறுப்புத் தண்ணீரிலும் உப்பு உண்டு. அதனால்தான் சரியாக நல்ல தண்ணீர் ஊற்றி வருபவர்களுக்கு மாதக்கணக்கில் உப்பு மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை அளந்தால் போதும், திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த 1.020 கேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம் இது. நமக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்குக் கடல் ஆழம் குறைந்தது. மன்னார் வளைகுடா தெற்கே ஆழ்கடலோடு திறந்து கிடக்கிறது. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் வடக்குக் கடலுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நல்ல தண்ணீர் வரும். ஒன்று மழையும் ஆறும். வைகையில் மிஞ்சி வருவது இராமநாதபுரம் பெரிய கண்மாய் தாண்டி ஆற்றங்கரை பக்கம் வடக்குக் கடலில்தான் போய்ச் சேர்கிறது. இன்னொன்று பலரும் யோசிக்காதது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் வங்காள விரிகுடாவில் கொட்டிய நல்ல தண்ணீரால் அங்கே மேல்கடலின் உப்பு குறைந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி அந்தத் தண்ணீரை நம் பக்கம் கொண்டுவந்துவிடும். ஆகவே உள்ளூரில் மழை பொய்த்த வருடத்தில்கூட மார்கழி, தை மாதங்களில் வடக்குக் கடல் 30க்குக் கீழே இறங்கும். 1.020 என்றால் 27 பங்கு. வடக்குக் கடலோரம் இருக்கும் தேவிபட்டினத்தில் கார்த்திகையில் அது ஆச்சரியமே இல்லை. கொட்டி மழை பெய்த மறுநாள் கரையோரமாகக் கோரியிருந்தால் இன்னும் குறையும். மழைத் தண்ணீர் எடை குறைந்ததால் கலங்கிக் கலக்கும் வரை மேலேயே மிதக்கும். மன்னார் வளைகுடாவிலும் அந்த மாதங்களில் உப்பு குறையும், ஆனால் அவ்வளவு இல்லை. வாடைக்காலத்தில் பாம்பன் கால்வாய் வழியாக வடக்குத் தண்ணீர் தெற்கே ஓடும், தென்மேற்குப் பருவத்தில் திரும்ப வடக்கே ஓடும். அதனால் பாம்பன், குந்துகால் பக்கம் பிடிப்பவர்கள் எந்தக் கடல் தண்ணீர் என்று இடத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பிடிக்க நான் சொல்லும் வழக்கம் இதுதான். வாடைக்காலத்தில் வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது தெற்கே போங்கள். ஆனி, ஆடியில் காற்று திரும்பி தெற்குக் கடல் பொங்கும், அப்போது வடக்கே அரியமான் பக்கம் தெளிவாக இருக்கும். மாசி முதல் சித்திரை வரை இரண்டு பக்கமும் அமைதி. வருடத்தில் நல்ல தண்ணீர் சேர்த்து வைப்பதற்கு அதுதான் காலம். ஆற்றுமுகம், மீன்பிடித் துறை, இறால் பண்ணைக் கழிவு விழும் ஓடை, ஊர்ச் சாக்கடை இறங்கும் இடம், இவற்றை விட்டு விலகி இருங்கள். துறைமுகத்தில் டீசல் மட்டும் தொல்லை இல்லை. படகுகளுக்கு அடியில் அடிக்கும் சில பெயிண்டுகளில் செம்பு உண்டு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது விஷம். தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் தேவிபட்டினம், சேதுக்கரை, இராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் மூன்றிலும் ஆயிரக்கணக்கில் தீர்த்தமாடுவார்கள். அந்த வாரம் அங்கே தண்ணீர் பிடிக்க வேண்டாம். படகுக்காரர் தெரிந்தவராக இருந்தால், அவர் தொழிலுக்குப் போய்த் திரும்பும்போது கரையை விட்டு நன்றாகத் தள்ளி இரண்டு கேன் பிடித்துவரச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது. கேனை மூடியபடியே ஒரு முழம் ஆழத்தில் அமுக்கி அங்கே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் உள்ளே வராது. கேன் புதியதாகவோ குடிதண்ணீர் கேனாகவோ இருக்கட்டும். மருந்தோ டீசலோ இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் நம்ப வேண்டாம்.

சில நாட்களில் தண்ணீரே பிடிக்கக்கூடாது. கடல் பச்சையாகத் திரண்டு நாற்றமடித்தால் அது பூங்கோரை. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கோடையில் வரும் இன்னொரு பாசி, மரத்தூளைத் தூவியது போல மேலே வைக்கோல் நிறத்தில் மிதக்கும். பிடித்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய இழைத் துணுக்குகள் மிதந்தால் அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த தண்ணீரை என்ன செய்வது? இரண்டு வழி உண்டு. பிடித்த சில மணி நேரத்துக்குள் மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றிவிடுவது ஒன்று. கேனை மூடி மூலையில் வைத்து மூன்றாம் நாள் ஊற்றுவதுதான் மோசமான வழி. அதற்குள் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அழுகத் தொடங்கியிருக்கும், திறந்ததும் முட்டை நாற்றம் வரும். இரண்டாவது வழியைத்தான் நான் விரும்புகிறேன். வடிகட்டிய தண்ணீரை வெளிச்சம் படாத டிரம்மில் காற்று விட்டபடி இரண்டு வாரம் வையுங்கள். மிதப்பவை செத்து, அழுகி, அடங்கி, அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், அடியில் இரண்டு அங்குலத்தை விட்டுவிடுங்கள். குஞ்சு பொரிப்பகங்களில் குளோரின் போட்டுச் சுத்தம் செய்வார்கள். வீட்டிலும் செய்யலாம், கவனமாக. மணமோ சோப்போ கலக்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 20 லிட்டருக்கு 4 மில்லி போட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகும். ஒரு நாள் காற்று விட்டு, ஒன்றரை கிராம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு, குளோரின் கிட்டில் நிறமே வரவில்லை என்று பார்த்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். மணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கடல் தண்ணீரில் புரோமைடு இருப்பதால் குளோரின் அதனோடு சேர்ந்து புரோமினாக மாறியும் நிற்கும், அதுவும் மீனைக் கொல்லும். இரண்டு வாரம் வைக்க இடமும் டிரம்மும் இருப்பவர்களுக்குக் குளோரினே தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம் அளப்பது. மிதக்கும் ஹைட்ரோமீட்டரில் அது எந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டது என்று உள்ளே தாளில் எழுதியிருக்கும். 25 டிகிரிக்குச் செய்ததை 30 டிகிரித் தண்ணீரில் விட்டால், உண்மையில் 35 இருப்பதை 33 என்று காட்டும், சூடான தண்ணீர் எடை குறைந்தது என்பதால். உங்கள் தொட்டி 30 டிகிரியை ஒட்டி இருந்தால் அந்த 1.030 கூடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னதுதான். ஆகவே கேன், தொட்டி இரண்டையும் ஒரே சூட்டில் அளக்க வேண்டும். காலையில் வாளியில் எடுத்து வைத்து மாலையில் அளந்தால் சரியாகிவிடும். மீட்டரைத் தண்ணீரில் விட்டதும் ஒரு சுழற்று சுழற்றுங்கள், உடம்பில் ஒட்டிய குமிழ்கள் உதிரும். ஒரு குமிழ் ஒட்டியிருந்தாலும் மீட்டர் மேலே தூக்கி உப்பு அதிகம் என்று காட்டும். தண்ணீர் கண்ணாடியில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டு, சமமாக இருக்கும் மட்டத்தில் கண்ணை வைத்துப் படியுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள், காய்ந்த உப்பு ஒட்டினால் மீட்டரின் எடையே மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், இரண்டு சொட்டு போதும். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்த தூள் உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால், ஒளி வளைவில் அது 35 பங்குக் கடல் தண்ணீருக்குச் சமம். அந்தக் கரைசலில் 35 காட்டும்படி திருகை வைத்தால்தான் நமக்குத் தேவையான இடத்தில் சரியாகக் காட்டும். கல் உப்பு ஈரம் பிடித்திருக்கும், இதற்கு வேண்டாம்.

27இல் இருக்கும் கேன் தண்ணீரை 35க்கு ஏற்றுவதற்கு அடுப்படி உப்போ வாலிநோக்கம் உப்பளத்து உப்போ போட்டால் என்ன, கடலிலிருந்து வந்ததுதானே என்று கேட்பவர்கள் அநேகம். பாத்தியில் கடல் தண்ணீர் காயும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடும். அப்புறம்தான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் மிஞ்சிய கசப்புத் தண்ணீரில் தங்கிவிடும், அதை வடித்துவிடுவார்கள். ஆகவே கையில் வரும் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இருக்காது. நல்ல கடல் தண்ணீரில் லிட்டருக்கு 410 மில்லிகிராம் கால்சியம், 1,290 மில்லிகிராம் மக்னீசியம் இருக்கும். 27 பங்குத் தண்ணீரில் கால்சியம் 315 தான். அதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் மீட்டர் 35 காட்டும், கால்சியம் அதே 315இல் நிற்கும். தொட்டிக்கென்று எல்லாச் சத்தும் கலந்து வரும் ரீஃப் சால்ட்தான் போட வேண்டும். கடையில் அக்வேரியம் சால்ட் என்ற பெயரில் நன்னீர் மீன்களுக்கு விற்பது சாதாரண உப்பே, ஏமாந்துவிடாதீர்கள். 27ஐ 35 ஆக்க லிட்டருக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், உப்பில் ஈரம் இருக்கும் என்பதால். கரைத்து, ஒரு இரவு காற்று விட்டு, அளந்து பார்த்து ஊற்றுங்கள். இந்த மழைக்காலத்தில் ஒரு சின்ன பாக்கெட் வீட்டில் இருப்பது நல்லது. கோடையில் இதற்கு நேர் எதிர். உப்பளங்களை ஒட்டிய ஓடைகளிலும் ஆழமில்லாத கரையோரத்திலும் 38, 39 வரை போகும். 20 லிட்டர் தண்ணீர் 38இல் இருந்தால் 1.7 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 35 ஆகிவிடும்.

எது உறுதி, எது அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவியாவதில் உப்பு போகாது, வடக்குக் கடல் பருவத்துக்குப் பருவம் மாறும், சாப்பாட்டு உப்பு ஈடாகாது, இவை மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் மட்டும் இருக்கும் தொட்டியை 30 முதல் 33க்குள் வைத்தால் மீனுக்குச் சுகம் என்று பலர் சொல்வது அவ்வளவு உறுதியானதில்லை. கோமாளி மீன் அந்த அளவில் நன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆக்சிஜனும் கொஞ்சம் கூடும். ஆனால் கடல் சாமந்தியோ (அனிமோன்) இறாலோ வைக்கப் போகிறீர்கள் என்றால் 34, 35தான். எண் எதுவாக இருந்தாலும் அது ஆடாமல் நிற்பது முக்கியம். தண்ணீரில் பூச்சிமருந்தோ செம்போ இருக்கிறதா என்பதை வீட்டில் அளக்க நல்ல வழி கிடையாது. ஒரு கிண்ணத்தில் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலின் முட்டை பொரிக்க வைத்துப் பார்ப்பது குஞ்சு வளர்ப்பவர்கள் வழக்கம். பொரித்த குஞ்சுகள் ஒரு நாளில் செத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அவை பிழைத்தால் தண்ணீர் நல்லது என்று சான்று கிடையாது, ஆர்ட்டீமியா எதையும் தாங்கும் உயிர். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியும் அப்படித்தான். தண்ணீரில் நீந்தும் பருவத்தில் மீன் கிடைக்காவிட்டால் அது ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் கூடு கட்டிய பருவத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். வடிகட்டி, வைத்திருந்து, அடித் தண்ணீரை விட்டுவிட்டு ஊற்றினால் ஆபத்து மிகவும் குறைகிறது, அடியோடு இல்லாமல் போகிறது என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, தொட்டியில் போடக் கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்துவருவது வம்புதான். கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001இலிருந்து பாதுகாக்கப்பட்டவை, யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் படகில் போக வேண்டாம். கோமாளி மீனை மண்டபத்திலேயே தொட்டியில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு எடுக்கிறார்கள், அடுத்த மீன் வாங்கும்போது அப்படி வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிச் சூழலுக்குப் பழகிய மீன் அது. கல்லுக்கு, மீன் தொட்டிக் கடையில் செயற்கைக் கல்லும் பீங்கான் வளையமும் கிடைக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துப் போட்டால் ஓரிரு மாதத்தில் அவற்றிலும் தேவையான பாக்டீரியா குடியேறிவிடும்.